கவுண்டரில் பெயர் வர வேண்டும்

பிப்ரவரி கடைசி வாரத்தில் மலேசியாவின் எந்த ஊராட்சி மன்றத்துக்குப் போனாலும் வரி கவுண்டரில் கூட்டமாகத்தான் இருக்கும். ஆண்டின் முதல் ஆறு மாதத்துக்கான மதிப்பீட்டு வரியை, நம்மவர்கள் பேச்சில் சுக்காய் பிந்துவை, அந்த மாதம் முடிவதற்குள் கட்டியாக வேண்டும். பிற்பாதிக்கு ஆகஸ்டு 31 கடைசி நாள். பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள், தோட்டம் கைமாறியபோது லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டை விட்டு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தவர்கள். ரொக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றி, போன தவணை பில்லை மடித்து எடுத்து வந்திருப்பார்கள். முறை வந்ததும் கவுண்டரில் இருக்கும் பெண் ஐசி, அதாவது அடையாள அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "ஆன்ட்டி, உங்க பேரு சிஸ்டத்துல வரலையே."

அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் கவுண்டர் பெண் இல்லை, சர்வர் அறையில் ஓடியாடும் தம்பியும் இல்லை. மன்றத்தின் தலைமைத் தகவல் அதிகாரி, சுருக்கமாக சி.ஐ.ஓ., அவர்தான். கணினி வாங்கிப் போடுபவர், பிரிண்டர் கெட்டால் ஆள் அனுப்புபவர் என்றே பலரும் அந்தப் பதவியை நினைக்கிறார்கள். உண்மையில் அவர் மன்றத்தின் பேரேட்டுக்குக் காவலர். எந்த வீடு யாருடையது, எவ்வளவு பாக்கி, எந்தக் கடைக்கு என்ன உரிமம் என்று ஊரே ஒரு தரவுத்தளத்துக்குள் அடங்கியிருக்கிறது. அதில் ஒரு பதிவு பிசகினால் வெயிலில் பஸ் ஏறி வந்த ஒருவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். அதை நான் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

அரசுத் துறைகளில் இந்தப் பதவிக்குச் சட்ட வடிவம் கொடுத்தது அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு கிளிங்கர்-கோஹென் சட்டம். துறைத் தலைவரிடம் நேராகப் பேசும் இடத்தில் சி.ஐ.ஓ. இருக்க வேண்டும் என்றது அது. ஆனால் பணமும் ஒப்பந்தமும் வேறு கைகளிலேயே இருந்தன. 2013 அக்டோபர் 1-ஆம் தேதி திறந்த ஹெல்த்கேர்.கவ் காப்பீட்டு இணையத்தளத்தில் முதல் நாள் பதிவை முழுதாக முடிக்க முடிந்தவர்கள் ஆறே பேர். ஒப்பந்தக்காரர்கள் ஏராளம், மொத்தத்துக்கும் பொறுப்பான ஒரு கை இல்லை. 2014 டிசம்பரில் வந்த ஃபிட்டாரா சட்டம்தான் துறையின் கணினிச் செலவுத் திட்டத்திலும் ஒப்பந்தங்களிலும் சி.ஐ.ஓ.வின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. கையெழுத்து இல்லாத பொறுப்பு பொறுப்பே இல்லை என்று உணர அவர்களுக்கே 18 ஆண்டு பிடித்தது.

நம் நாட்டில் இந்த வேலைக்கு வழிகாட்டி வந்தது 1977-இல் அமைந்த மாம்பு என்ற அரசு நிர்வாக நவீனமயத் திட்டப் பிரிவு. இப்போது அது தேசிய டிஜிட்டல் துறையாகி, 2023 டிசம்பரில் உருவான டிஜிட்டல் அமைச்சின் கீழ் இயங்குகிறது. அமைச்சுகளில் சி.ஐ.ஓ. என்பது பெரும்பாலும் மூத்த நிர்வாக அதிகாரி ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பு. சின்ன ஊராட்சி மன்றத்தில் செயலாளரோ அவருக்கு அடுத்தவரோ அதையும் சேர்த்துச் சுமப்பார். கீழே கணினிப் பிரிவில் நாலைந்து பேர் இருந்தால் பெரிய காரியம். அவர் கணினி படித்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பது என் எண்ணம். சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்து, பதில் வரும்வரை கையெழுத்துப் போடாமல் இருக்கத் தெரிந்தால் போதும். அந்தக் கேள்விகள் என்னென்ன என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பெயரிலிருந்து தொடங்குவோம். மலேசிய இந்தியர் பலரின் அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி நிற்கும். மலாயில் ஆனாக் லெலாக்கி, ஆனாக் பெரெம்புவான். அதாவது மகன், மகள். நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோடு தரும் தொல்லை கொஞ்சமில்லை. விண்டோசிலும் சரி, லினக்சிலும் சரி, கோப்பின் பெயருக்குள் சாய்கோடு வரக் கூடாது. ரசீதை உரிமையாளர் பெயரிலேயே பி.டி.எஃப். கோப்பாகச் சேமிக்கும்படி யாராவது நிரல் எழுதிவிட்டால் முகமதுக்கு ரசீது வரும், லிம்முக்கு வரும், முனியாண்டிக்கு மட்டும் வராது. சோதனைக்கு எடுத்த பெயர்களில் ஒரு தமிழ்ப் பெயர்கூட இல்லாவிட்டால் திறப்பு விழா முடிந்து கவுண்டர் திறந்த பிறகுதான் இது வெளியே தெரியும். போதாததற்கு, ஒரு குமாஸ்தா சாய்கோட்டோடு அடித்திருப்பார், இன்னொருவர் சாய்கோட்டை விட்டிருப்பார், மூன்றாமவர் பழைய வழக்கப்படி எஸ்/ஓ என்று போட்டிருப்பார். மனிதர் ஒருவர்தான், கணினிக்கு அவர் மூன்று ஆள்.

எழுத்துக்கூட்டல் அடுத்தது. லெட்சுமி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புப் பத்திரம் எழுதியவர் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். ஒருவர் கே, எஸ், எச் போட்டார். இன்னொருவர் டி, சி, எச் போட்டார். முடிவில் ஒருவருக்கு ஐ, ஒருவருக்கு ஒய், ஒருவருக்கு இரண்டு ஈ. பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, ஐசியில் ஒன்று, வீட்டுப் பத்திரத்தில் ஒன்று என்று ஒரே அம்மாவுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பது நம் சமூகத்தில் சாதாரணம். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் காட்டுவேன் என்று பிடிவாதம் பிடிக்கும் தேடுபெட்டி இங்கே உதவாது.

வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. தரவுத்தள அட்டவணையில் பெயருக்கு இரண்டு பத்திகள், அதாவது இரண்டு காலங்கள், வைக்க வேண்டும். முதல் பத்தியில் ஐசியில் உள்ளது உள்ளபடி, சாய்கோட்டோடு. அதை யாரும் திருத்தக் கூடாது. இரண்டாவது பத்தி தேடுவதற்கு மட்டும், அதைக் கணினியே உண்டாக்கிக்கொள்ளும்: எல்லாம் பெரிய எழுத்து, ஏ/எல் வகையறா எல்லாவற்றையும் நீக்கு, இடைவெளியும் குறிகளும் வேண்டாம், இரட்டித்த எழுத்தை ஒற்றையாக்கு, ஒரே ஒலிக்கு எழுதப்படும் பல எழுத்துக்கூட்டல்களை ஒன்றாக்கு. கவுண்டரில் தட்டும் பெயரும் இதே சல்லடையில் விழுந்துதான் தேடலுக்குப் போக வேண்டும். ரசீதுக் கோப்புக்குப் பெயரே வைக்காமல் கணக்கு எண்ணை வைத்தால் சாய்கோட்டுத் தொல்லை அதோடு தீர்ந்தது.

ஐசி எண்ணே இருக்கும்போது பெயர் எதற்கு என்று கேட்கலாம். அந்த எண்ணிலும் பள்ளங்கள் உண்டு. 12 இலக்கம்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், சிலாங்கூர் 10, பேராக் 08 என்பது போல, மீதி நான்கில் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. இதை எண்ணாகச் சேமிக்கவே கூடாது, எழுத்தாகத்தான் சேமிக்க வேண்டும். எண்ணாகச் சேமித்தால் 2005-இல் பிறந்தவரின் ஐசியில் முன்னால் நிற்கும் பூஜ்யம் விழுந்து 11 இலக்கம் ஆகிவிடும். எக்செல்லில் திறந்தால் 12 இலக்க எண்ணைப் புள்ளி வைத்துச் சுருக்கிக் காட்டும், அப்படியே சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்பாகச் சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போயே போய்விடும். ஒரு மதிய நேரத்து அவசரத்தில் ஆயிரக்கணக்கான பதிவுகள் இப்படி அழிந்துபோக முடியும். ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால் 25 என்று தொடங்கும் எண் 1925-ஆ 2025-ஆ என்பதை அந்த இரண்டு இலக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதையும் நிரல் எழுதுபவரிடம் சொல்லிவைக்க வேண்டும். நூறு வயதுப் பாட்டிகள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பழைய ஐசி இருக்கிறது. 12 இலக்க எண் 1990-இல்தான் வந்தது. அதற்கு முன் வாங்கிய வீட்டின் பத்திரத்தில் ஏழு இலக்கப் பழைய எண்தான் இருக்கும். மேலே பார்த்த ஆன்ட்டியின் பெயர் வராததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: வீடு காலமான கணவர் பெயரில், அவருடைய பழைய எண்ணோடு கிடக்கிறது. வரியை ஆண்டுக்கணக்காகக் கட்டி வருபவர் இந்த அம்மா, பேரேட்டில் அவர் இல்லவே இல்லை. அதனால் உரிமையாளர் வேறு, கட்டுபவர் வேறு என்று இரண்டு தனி இடம் வேண்டும். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் இடம் வேண்டும். பில்லில் உள்ள கணக்கு எண், இரண்டு ஐசி எண்கள், வீட்டு முகவரி, தேடுபெயர் ஆகிய ஐந்தில் எதைத் தட்டினாலும் அதே வீடு திரையில் வர வேண்டும். அதோடு, "பெயர் மாற்றப் படிவம் இந்தாங்க, ஆன்ட்டி, சாவுப் பத்திரத்தோட வாங்க" என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு நினைவூட்ட ஒரு மஞ்சள் குறி தெரிந்தால் இன்னும் நல்லது.

முகவரியிலும் இதே கதைதான். பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. 45600 என்ற அஞ்சல் குறியீடு அப்படியே இருக்கிறது, ஊர்ப் பெயர் மாறிவிட்டது. நம் மக்கள் வாயில் இன்றைக்கும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அதனால் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதினால் பாதி வேலைதான் முடிந்தது. பழைய பெயரைத் தட்டினாலும் புதியது வரும்படி ஒரு மாற்றுப்பெயர்ப் பட்டியல் வேண்டும். தோட்டத்து வீடுகளுக்குத் தெருப் பெயரே கிடையாது. தோட்டப் பெயர், டிவிஷன், லயத்து எண், அவ்வளவுதான். கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்கு வரும், தோட்டக் குமாஸ்தாவான கிராணி பிரித்துக் கொடுப்பார். ஆபீசை மூடியதும் கடிதம் திரும்பிப் போகத் தொடங்கியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் மன்றம் ஒரு நிரந்தர எண் கொடுத்து, அதோடு அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் எழுதி வைத்துவிட்டால் பெயர் எத்தனை முறை மாறினாலும் வீடு தொலையாது. மோட்டார் சைக்கிளில் போய்க் கைபேசியில் குறித்துவர வேண்டிய வேலை இது. மேசையில் உட்கார்ந்து முடியாது.

தோட்ட நிறுவனங்களின் பெயரும் மாறிக்கொண்டேதான் இருக்கும். 2007-இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. 2017-இல் தோட்டப் பிரிவு தனியே பிரிந்தது. 2024-இல் அது எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆக, கோல்டன் ஹோப் பெயரில் இருந்த நிலத்துக்கு 20 ஆண்டுக்குள் மூன்று பெயர், நிலமோ அதே நிலம். நிறுவனப் பதிவு எண்ணும் 2019 அக்டோபர் முதல் 12 இலக்கமாக மாறியிருக்கிறது. பேரேட்டில் பழைய பெயருக்கு மேலேயே புதுப் பெயரை அடித்தால் அந்தப் பழைய பாக்கி யாருடையது என்று நாளை யாராலும் சொல்ல முடியாது. எந்தப் பெயர் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று வரிவரியாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், அழிக்கவே கூடாது.

நினைவூட்டலைத் தமிழில் அனுப்ப ஆசைப்படும் மன்றங்களுக்கு ஒரு கணக்கு. சாதாரண எஸ்.எம்.எஸ். ரோமன் எழுத்தில் 160 இடம் தரும். தமிழ் கலந்தால் 70 இடம்தான். அதற்கு மேல் போனால் 67, 67-ஆகத் துண்டாகி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கட்டணம். 'மதிப்பீட்டு வரி' என்பதில் நம் கண்ணுக்கு எட்டே எழுத்து. கணினிக்கு மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி, நடுவில் உள்ள இடைவெளியோடு 15 இடம். 'வீட்டு வரி' என்று எழுதினால் பத்து இடத்தில் முடிந்துவிடும். ஊரார் பேசும் சொல்லும் அதுவே. கடைசித் தேதி, தொகை, கணக்கு எண் மூன்றையும் 70-க்குள் அடக்கலாம், ஒரு தமிழாசிரியரோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால்.

பேரேடு ஒழுங்காக இருந்தும் லைன் செத்துவிட்டால்? தோட்டப்புறத்தில் இது எப்போதாவது நடப்பதல்ல. எங்கோ சாலை வெட்டுபவர் கேபிளை அறுத்துவிடுவார், மதிய மழையில் மின்சாரம் போகும். இரண்டாவது லைன் வேறு நிறுவனத்துடையதாக, வேறு பாதையில் வருவதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே தூணில் வந்தால் ஒரு லைன் வைத்திருப்பதற்குச் சமம். மாதம் ஒரு முறை வேண்டுமென்றே முதல் லைனைப் பிடுங்கி, கவுண்டரில் ரசீது வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிடுங்கிப் பார்க்காத மாற்று லைன் தேவைப்படும் நாளில் வேலை செய்யாது: பணம் கட்டாமல் சிம் கார்டு காலாவதியாகியிருக்கும், அல்லது ரௌட்டரின் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது.

இரண்டும் போனாலும் கவுண்டர் மூடக் கூடாது. தினமும் காலை ஏழரைக்கு எல்லாக் கணக்கின் பாக்கித் தொகையும் ஒரு மடிக்கணினிக்குத் தானாக இறங்க வேண்டும். படிக்க மட்டும், வட்டு குறியாக்கம் செய்யப்பட்டதாக. பக்கத்தில் வரிசை எண் அச்சிட்ட கைரசீதுப் புத்தகம், கார்பன் தாளோடு. லைன் போனால் மடிக்கணினியில் தொகையைப் பார்த்துக் கைரசீது எழுதிப் பணம் வாங்கலாம். லைன் வந்ததும் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருவர் படிக்க ஒருவர் அடிக்க வேண்டும். கைரசீது எண்ணுக்குத் தனிப் பத்தி, கட்டிய தேதிக்கு ஒன்று, பதிவு செய்த தேதிக்கு ஒன்று. இரண்டு தேதியும் ஒன்றாக வர வேண்டும் என்று சர்வரின் கடிகாரத்தையே பின்னால் தள்ளி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் அன்றைய பதிவேடு எதையும் தணிக்கையில் நம்ப முடியாமல் போகும். மாலையில் பெட்டிப் பணம், கைரசீது மொத்தம், கணினி மொத்தம் மூன்றும் சென்னுக்குச் சென் ஒத்தால்தான் வீட்டுக்குப் போகலாம்.

இடியைப் பற்றி யாரும் கணினிப் பாடத்தில் சொல்லித் தருவதில்லை. உலகிலேயே இடி அதிகம் விழும் வட்டாரங்களில் நம்முடையதும் ஒன்று. மன்றத்தின் முன் கட்டடத்திலிருந்து பின்னால் இருக்கும் அமலாக்கப் பிரிவுக்கு செம்புக் கேபிள் இழுத்திருந்தால், பக்கத்தில் எங்கேயோ விழுந்த இடியின் மின்னழுத்தம் அந்தக் கேபிள் வழியே உள்ளே வந்து இரண்டு பக்க நெட்வொர்க் ஸ்விட்சையும் கருக்கிவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் போகும் கேபிள் எல்லாம் ஃபைபராக, அதுவும் உலோகம் கலக்காததாக இருக்க வேண்டும். தூரம் 100 மீட்டருக்குள் இருக்கிறதே, செம்பே போதும் என்று குத்தகைக்காரர் சொல்வார். தூரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி, இடிக்கு அந்தக் கணக்கு தெரியாது. சர்வர் அறை தரைத்தளத்தில் இருக்கக் கூடாது. வெள்ளம் வராத ஊர் என்று எதையும் சொல்லிவிட முடியாது. அறை வெப்பம் 18-லிருந்து 27 டிகிரிக்குள். ஏர்கான் இரண்டு, மாறி மாறி ஓடும்படி, சொட்டு நீர் அலமாரி மேல் விழாத இடத்தில். யு.பி.எஸ். பேட்டரி வெப்பத்தில் சீக்கிரம் சாகும். 25 டிகிரிக்கு மேல் ஏறக்குறைய பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. கதவடியில் பல்லி நுழையும் இடைவெளி இருந்தால் அடைத்துவிடுங்கள். மின்பலகையில் பல்லி விழுந்து நின்றுபோன சர்வர்கள் உண்டு.

பேக்அப் எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். சி.ஐ.ஓ. கேட்க வேண்டியது, கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள் என்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். அதில் ஒன்றாவது எந்த வயரிலும் இணையாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பல் முதலில் தேடுவதே இணைந்திருக்கும் பேக்அப்பைத்தான். 2025 மார்ச்சில் நம் விமான நிலைய நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கியவர்கள் 1 கோடி அமெரிக்க டாலர் கேட்டார்கள், கொடுக்க மறுத்துவிட்டதாகப் பிரதமரே அறிவித்தார். மறுக்கும் தைரியம் மீட்கத் தெரிந்தவருக்குத்தான் வரும். மாதம் ஒரு நாள், வேறொரு கணினியில் முழுத் தரவையும் மீட்டு, மொத்தப் பதிவுகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, முன்பே குறித்து வைத்த ஐந்து வீடுகளின் பில்லைத் திறந்து தொகை சரியா என்று பாருங்கள். எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதையும் எழுதி வையுங்கள். பேக்அப் சத்தமில்லாமல் நின்றுபோவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு: வட்டு நிறைந்துவிட்டது, அல்லது அந்த வேலையை ஓட்டும் கணக்கின் கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்.

சி.ஐ.ஓ.வின் கையெழுத்து உண்மையில் எடை பெறும் இடம் ஒப்பந்தம். மென்பொருள் செய்து தரும் நிறுவனம் பத்து ஆண்டு கழித்து இருக்குமா என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வரி பத்து ஆண்டுக்குப் பிறகும் வசூலாக வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது தரவு முழுவதையும், ஒவ்வொரு பத்தியும் என்ன என்ற விளக்கத்தோடு, சி.எஸ்.வி. வடிவில் 30 நாளுக்குள் தர வேண்டும் என்று எழுதுங்கள். எழுதினால் போதாது, ஆண்டுக்கு ஒரு முறை நடுவிலேயே கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். மூல நிரல், சர்வரின் தலைமைக் கடவுச்சொல், இணையப் பெயரின் பதிவு மூன்றும் மன்றத்தின் பெயரில் இருக்க வேண்டும்; ஏதோ ஒரு ஊழியரின் சொந்த மின்னஞ்சலில் இருக்கக் கூடாது. இணையத்தளப் பாதுகாப்புச் சான்றிதழும் அப்படித்தான். முன்பு 398 நாள் வரை செல்லும். 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைகிறது. ஆண்டுக்கொரு முறை நினைவு வைத்துக் கையால் மாற்றும் வழக்கம் இனி ஓடாது. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆகஸ்டு கடைசி வாரத்தில் கட்டணப் பக்கம் திறக்காது.

ஒப்படைப்புச் சோதனையில் நிறுவனம் தன் மாதிரித் தரவைக் கொண்டு வரும். அதை ஒதுக்கி வையுங்கள். மன்றத்தின் பேரேட்டிலிருந்து மிக மோசமான 200 பதிவுகளை எடுத்துக் கொடுங்கள்: சாய்கோட்டுப் பெயர், பழைய ஐசி, காலமானவர் வீடு, தெருவில்லாத லயம், மூன்று பெயர் மாறிய தோட்டம், பாக்கியைவிட அதிகமாகக் கட்டியவர். சோதனைக்கு உட்கார வேண்டியவர்கள் கவுண்டர் பெண்கள்தான். இந்த 200-உம் தேறிய பிறகே கடைசித் தவணைப் பணம். புதிய அமைப்புக்கு மாறும் நாளை பிப்ரவரி, ஆகஸ்டு, உரிமம் புதுப்பிக்கும் டிசம்பர் மூன்றிலும் வைக்கவே கூடாது. அமைச்சர் வருகிறார் என்பதற்காகத் தேதியை முன்னுக்குத் தள்ளச் சொன்னால் முடியாது என்று சொல்லும் துணிவு சி.ஐ.ஓ.வுக்கு வேண்டும். அதற்குத்தான் அவர் மன்றத் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது.

இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. கவுண்டரில் ஐசியை வாங்கித் தன் சொந்தக் கைபேசியில் படம் பிடித்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடும் வழக்கம் பரவிவிட்டது. தடை செய்து சுற்றறிக்கை விட்டால் மறைவாக நடக்கும். ஸ்கேனர் மாடியில், படி ஏறிப் போக வேண்டும், வரிசையோ நீளம். அதனால்தான் படம் பிடிக்கிறார்கள். ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு சின்ன ஸ்கேனர் வைத்து, அழுத்தியதும் படம் நேராக அந்தக் கணக்கில் போய் உட்காரும்படி செய்தால் கைபேசி தானாக மேசைக்குள் போய்விடும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. சட்டம் கட்டவில்லை என்பதாலேயே இந்த ஒழுங்கை அதிகாரியே கட்டிக்காக்க வேண்டியிருக்கிறது. ஐசி எண்ணை ரகசியம்போல் நடத்துவதும் தவறு. 2024 ஜனவரி 2-இல் மக்களின் சமூகப் பொருளாதார விவரங்களைத் திரட்டும் அரசின் பாடு தரவுத்தளம் திறந்தபோது, ஐசி எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் இன்னொருவர் பெயரில் பதிவு செய்ய முடிகிறது என்று பொதுவெளியில் உடனே சுட்டிக்காட்டினார்கள். நம் ஐசி எண் பள்ளிக்கூடம், வங்கி, கிளினிக், கார்க் கடை என்று ஊரெல்லாம் கிடக்கிறது. அது ஆளைச் சுட்டும் எண், ஆளை உறுதி செய்யும் சாவியாகாது. இணையத்தில் பாக்கியைப் பார்க்க அந்த எண் மட்டும் போதும் என்று யாராவது வடிவமைத்துக் கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

இன்றைக்கே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று. சோதனைச் சர்வரின் தேதியை 2028 பிப்ரவரி 29-க்கு வையுங்கள். அது செவ்வாய்க்கிழமை, கவுண்டர் திறந்திருக்கும் நாள். பிப்ரவரி கடைசி என்றால் 28 என்று நிரலில் யாராவது நேராக எழுதி வைத்திருந்தால், அன்று காலை வரும் ஒவ்வொருவர் பில்லிலும் தாமதக் கட்டணம் ஏறியிருக்கும். நாலு ஆண்டுக்கு ஒரு முறை வரும் நாள் என்பதால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு கணக்கைத் திறந்து, கட்டு என்பதை அழுத்தி, ரசீதை அச்சடித்து, கடைசி வரியில் என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள்.